பம்பரம் மிதந்த கதை

அவளை வீட்டில் எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா வைத்த பெயர். சின்ன வயதில் ஓர் இடத்தில் உட்காராமல், தட்டைக் கையில் ஏந்தி வீட்டைச் சுற்றிக்கொண்டே சாப்பிடுவாளாம். கல்யாணமாகி, மகள் வளர்ந்து வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய், தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் பெயர் போகவில்லை, குணமும் போகவில்லை. டீ குடிக்கும்போதே இன்னொரு கை ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கும். படம் பார்க்க உட்கார்ந்தால் மடியில் துணி மடிப்பு நடக்கும். தூக்கத்தில்கூட அவள் கால் ஆடிக்கொண்டிருக்கும் என்பது வீட்டுக்காரரின் புகார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர் அவர். "கம்ப்ரெஸர் பக்கத்துல படுத்த மாதிரி இருக்கு" என்பார்.

அப்படிப்பட்டவளிடம் பல்கலைக்கழகம் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா கிடக்க வேண்டும். அதுவும் தண்ணீரில்.

ஆரம்பப் பள்ளி ஒன்றில் அவள் வகுப்பு உதவியாளர். ஷூ லேஸ் கட்டிவிடுவது, மூக்குச் சிந்திவிடுவது, பெயின்ட் பிரஷ்களைக் கழுவுவது, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிற பிள்ளைக்குக் கதை சொல்வது. டீச்சர் லீவு என்றால் பாடமும் அவள்தான் நடத்துவாள். ஆனால் டீச்சர் என்ற பெயர் மட்டும் கிடைக்காது. அதற்குப் பட்டம் வேண்டும். சரி, படித்துவிட்டால் போச்சு என்று மாலை வகுப்பில் சேர்ந்தாள்.

பட்டம் என்றால் சேர்ந்த பாடத்தைப் படித்துப் பரீட்சை எழுதுவது என்றுதான் நினைத்திருந்தாள். ஆழம் தெரியாமல் காலை விட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. குழந்தை வளர்ச்சி அவளுடைய முதன்மைப் பாடம். அது மட்டும் போதாதாம். அறிவியல் ஒன்று எடுக்க வேண்டும், அதுவும் ஆய்வுக்கூடத்தோடு. புள்ளியியல் வேண்டும். தன்னுடையது அல்லாத ஒரு மொழி வேண்டும். கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு வேண்டும். வரலாறோ தத்துவமோ ஏதாவதொன்று வேண்டும். வருஷக்கணக்கில், பள்ளி விட்டதும் பஸ் பிடித்து ஓடி, ஒவ்வொன்றாக முடித்தாள். ஆய்வுக்கூடத்தில் தவளையை அறுத்துவிட்டு வந்த அன்று வீட்டுக்காரர்தான் சமைத்தார். தத்துவ வகுப்பில் "நான் என்பது யார்" என்று பேராசிரியர் கேட்டபோது, அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவள் நான் என்று அவளுக்குத் தோன்றியது. அதையும் எழுதினாள். மதிப்பெண் போட்டார்கள்.

யானை போன வாசலில் வால் மாட்டிக்கொண்டது. மிச்சமிருந்தது நீச்சல்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் வாங்க யாராக இருந்தாலும் நீந்திக் காட்ட வேண்டும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. நீச்சல்குளத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, சுவரையோ, வரிசைகளைப் பிரிக்கும் கயிற்றையோ தொடாமல் கடக்க வேண்டும். கடந்ததும் ஆழமான பக்கத்தில் மல்லாந்து, விசில் ஊதும்வரை மிதக்க வேண்டும். அவ்வளவுதான்.

இது முதல் நாளே அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு செமஸ்டரும் பாடம் தேர்ந்தெடுக்கும்போது கண்ணில் படும். ஒவ்வொரு செமஸ்டரும் கண்ணை எடுத்துக்கொள்வாள். நரைத்த தலையைப் பார்த்தால் விட்டுவிடுவார்கள், பேசிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. கடைசியில் பட்டப் பிரிவு அலுவலகத்தில் போய்ப் பேசியும் பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் பதமாகத்தான் சொன்னார்.

"வயசுக்கெல்லாம் விலக்கு இல்லம்மா. போன வருஷம் ஒரு தாத்தா நீந்திட்டுப் போனாரு. டாக்டர் சீட்டு இருந்தா மட்டும் உண்டு."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பள்ளியில் ஒரு டீச்சர் ஓய்வு பெறுகிறார். தலைமையாசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள பட்டம் வந்துட்டா அந்த வகுப்பு உனக்கு. வரலைன்னா வெளியிலிருந்து ஆள் போட்டுடுவாங்க. அப்புறம் என் கையில இல்ல."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தொடக்க நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். பயிற்சியாளர் நெட்டையான பெண். கழுத்தில் விசிலும், கையில் நீளமான கொக்கிக் கழியுமாகக் கரையிலேயே நடந்துகொண்டிருப்பார். பம்பரம் நீந்தக் கற்றுக்கொண்டது வேகமாகத்தான். பார்க்கிறவர்களுக்கு நீச்சல் மாதிரி இருக்காது. தண்ணீரோடு குடுமிபிடிச் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். ஆனாலும் அக்கரை போய்ச் சேர்ந்துவிடுவாள். மிதப்பதுதான் வரவில்லை. மல்லாந்த மறுநொடி இடுப்பு கீழே போகும், கால் போகும், கடைசியில் மூக்கு போகும்.

"நீங்க ஏதோ பண்றீங்க" என்றார் பயிற்சியாளர்.

"ஒண்ணுமே பண்ணலையே."

"தலையைத் தூக்கறீங்க. அப்படி என்னத்தப் பார்க்கறீங்க?"

"மணியைத்தான்." சுவரில் பெரிய கடிகாரம் இருந்தது.

"மணி எங்கயும் ஓடிடாதும்மா. நீங்கதான் முங்கிடுவீங்க."

வீட்டில் கட்டிலில் மல்லாந்து பழகினாள். கையை விரித்து, மோவாயை உயர்த்தி, வயிற்றை எக்காமல். வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன பண்ற?"

"மிதக்கறேன்."

"கட்டில் முங்காது, தைரியமா இரு." சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஃப்ரிட்ஜ்ல சத்தம் நின்னு போச்சு, கெட்டுப் போச்சுன்னு பதறிப் போன் பண்ணுவாங்க. போய்ப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. குளிர்ந்ததும் அதுவா நிக்கும். நிக்கறதும் அதோட வேலைதான்."

"என்னை ஃப்ரிட்ஜ்ங்கறீங்க."

"சேச்சே. நீ கம்ப்ரெஸர்."

அவள் எழுந்து தலையணை உறைகளை மாற்ற ஆரம்பித்தாள்.

முதல் சோதனையில் அவள் மிதக்கும் இடத்துக்கே போகவில்லை. பாதிக் குளம் தாண்டி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். அடுத்த வரிசையில் ஒரு இளைஞன் பின்னாலிருந்து வந்தான். தண்ணீர் பளார் பளாரென்று அடிக்கிற சத்தம் காதில் நெருங்கியது. யோசிக்கவே இல்லை. உடம்பை ஒதுக்கி, ஓரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போங்க தம்பி" என்றாள். அவன் போயேவிட்டான். விசில் ஊதியது.

"கயித்தை ஏம்மா பிடிச்சீங்க?"

"பின்னாடி வந்தவருக்கு வழிவிட்டேன்."

பயிற்சியாளருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "அவருக்கு அவர் வரிசை இருக்கு. இது உங்களுக்குக் கொடுத்த வரிசை. இதுல யாருக்கு வழிவிடறீங்க?"

அவள் கயிற்றிலிருந்து கையை எடுத்தாள். பிழைக்க வந்த இடத்தில் பஸ்ஸில், மாடிப்படியில், கடையில், பள்ளித் தாழ்வாரத்தில் என்று ஓரமாகவே நடந்து பழகிய உடம்பு அது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டாலே தானாக ஒதுங்கும். தண்ணீருக்குள் இறக்கினால் மட்டும் மறந்துவிடுமா?

இன்னொரு வாய்ப்புதான் உண்டு. அதையும் விட்டால் அடுத்த செமஸ்டர், வகுப்பு வேறொருவருக்கு.

விஷயம் அக்கா வீட்டுக்குப் போனது. அக்கா வீட்டுக்காரர் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியபடியே முடித்துவைத்தார்.

"இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? காது ஜவ்வுல ஓட்டை, தண்ணி படக்கூடாதுன்னு நான் சீட்டு எழுதித் தரேன். எந்தக் காதுன்னு மட்டும் சொல்லு."

"ரெண்டு காதுன்னே எழுதுங்க" என்றாள் அக்கா. "இத்தனை வருஷமா நான் சொன்ன எதுவும் இவளுக்குக் கேட்டதில்ல."

"ரெண்டு காதுன்னா நம்ப மாட்டாங்க. ஒண்ணு சொல்லு."

"யோசிச்சுச் சொல்றேன் அத்தான்" என்றாள் பம்பரம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெண்டுல ஒண்ணு."

ஆனால் அவள் யோசித்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து இடது காதைத் தொட்டுப் பார்த்தாள், வலது காதைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் தேமே என்று இருந்தன. எதைக் காட்டிக் கொடுப்பது? வலது என்று தீர்மானித்து வீட்டுக்கு வருவாள். டீ போடும்போது, போன் பேசுவது வலது காதில்தானே, நாளைக்கு யாராவது பார்த்தால் என்று தோன்றும். இடது என்று மாற்றிக்கொள்வாள். படுத்தால் இடது பக்கமாகப் புரளப் பயமாக இருக்கும், நிஜமாகவே வலி வந்துவிடுமோ என்று.

அந்த வாரம் வகுப்பில் ஒரு சிறுமி இரண்டு நாள் வராமலிருந்து வந்தாள். கடும் ஜுரம் என்று அம்மா எழுதிக் கொடுத்திருந்தாள். பிள்ளையின் மூக்கு வெயிலில் தோல் உரிந்து பளபளவென்று இருந்தது. ஷூவைக் கழற்றினால் கொட்டுகிறது கடல் மணல்.

"இப்ப ஜுரம் எப்படி இருக்குடா கண்ணு?" என்று கேட்டாள்.

சிறுமி தன்னையே மேலும் கீழும் பார்த்தாள். எங்கே என்று அம்மா சொல்லித்தரவில்லை போலும். கொஞ்சம் தயங்கிவிட்டு முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

பம்பரம் சிரித்துவிட்டு மணலைக் கூட்டப் போனாள். கூட்டும்போது ஏனோ இரண்டு காதும் சூடாக இருந்தன.

சோதனை நாளன்று உடை மாற்றும் அறையில் போனை எடுத்து, "வலது காது அத்தான்" என்று அடித்தாள். அனுப்பும் இடத்தில் விரல் நின்றது. இப்போது அனுப்பினால் மதியத்துக்குள் சீட்டு வந்துவிடும். அந்த மூக்கு உரிந்த சிறுமி அடுத்த வருஷம் அந்த வகுப்புக்குத்தான் வருவாள். அவள் அம்மாவின் சீட்டை வாங்கிக்கொண்டு எந்த முகத்தோடு நிற்பது? எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. போய்க் குதித்தாள்.

வழக்கமான சண்டைதான். பாதிக் குளத்தில் மறுபடியும் பக்கத்து வரிசையில் யாரோ தண்ணீரை அடித்துக்கொண்டு வந்தார்கள். தோள் தானாக ஒதுங்கப் பார்த்தது. அவரு வரிசை அவருக்கு, அவரு வரிசை அவருக்கு என்று சொல்லிக்கொண்டே கையை வீசினாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அக்கரை வந்தது. மல்லாந்தாள்.

காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் உலகத்தின் சத்தம் நின்றது. மேலே கூரையில் குழல்விளக்குகள். மணியைப் பார்க்கக் கழுத்து துடித்தது. கால் ஆடத் துடித்தது. சும்மா இரு, சும்மா இரு என்று மனசை அதட்டினாள், அது அடங்கவில்லை. சரி, நீ எங்கேயாவது போய்த் தொலை, உடம்பு மட்டும் இங்கே கிடக்கட்டும் என்று விட்டாள்.

மனசு நேரே அந்த வகுப்பறைக்குப் போனது. போனதும் வேலையைத் தொடங்கிவிட்டது. அந்த அலமாரி ஜன்னலை மறைக்கிறது, முதலில் அதை எதிர்ச் சுவருக்குத் தள்ள வேண்டும். பெயின்ட் மேசை கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் தரையெல்லாம் நீலக் காலடி பதியாது. வாயாடிகள் இருவரைப் பிரித்து உட்கார வைக்கலாமா? வேண்டாம், சேர்ந்தே இருக்கட்டும். பிரித்தால் கத்திப் பேசுவார்கள். அழுகிற பிள்ளைக்கு ஒரு மூலை வேண்டும், ஒரு பாய், ஒரு தலையணை. தலையணைக்கு உறை தைக்க வேண்டும். மஞ்சள் துணி வீட்டில் இருக்கிறது...

விலாவில் ஏதோ தட்டியது. கொக்கிக் கழி. பதறிப் புரண்டு, தண்ணீர் குடித்து, கரையைப் பிடித்தாள்.

"நான் எதையும் தொடலைங்க" என்றாள். "கயித்துப் பக்கமே போகலை."

"விசில் ஊதி எவ்வளவு நேரமாச்சு" என்றார் பயிற்சியாளர். "திரும்பவும் ஊதினேன். அசையவே இல்ல. எனக்கே பயமாப் போச்சு."

"அப்போ பாஸா?"

"பாஸ்தான். ஏறி வாங்க, அடுத்த ஆள் காத்திருக்காரு."

இந்த முறை வழிவிட்டாள். வழிவிட்டுக் கரையில் உட்கார்ந்தபோதுதான் கால்கள் ஆடத் தொடங்கின. மிதக்கும்போது அடக்கி வைத்த ஆட்டமெல்லாம் வட்டியோடு வந்தது.

உடை மாற்றி, ஈரத் தலையோடு வெளியே வந்தவளுக்குத் தெரு பாதிதான் கேட்டது. ஒரு பக்கம் பஸ், கார், மனிதர்கள். மறு பக்கம் கொள கொளவென்று தண்ணீர். தலையைச் சாய்த்து, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே போனை வலது காதில் வைத்தாள்.

"அத்தான், இடது காது."

"அப்பாடா. இப்பவாவது முடிவு பண்ணியே" என்றார் அவர். "இரு, எழுதி உடனே அனுப்பறேன்."

"சீட்டு வேண்டாம் அத்தான், பாஸ் பண்ணிட்டேன். நிஜமாவே இடது காதுல தண்ணி போயிருக்கு. என்ன மருந்து போடறது?"

அந்தப் பக்கம் அவர் அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்வதும், அக்கா ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டன. பிறகு திரும்பி வந்தார்.

"மருந்தெல்லாம் ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்குப் போய் இடது பக்கமாச் சாஞ்சு, கொஞ்ச நேரம் சும்மா படு. தானா வடிஞ்சிடும்."

"அதுக்கெல்லாம் எனக்கு எங்க அத்தான் நேரம்" என்று சொல்லி, குதித்தபடியே பஸ்ஸுக்கு ஓடினாள்.