சாமுவேல் தொடாத பாத்திரம்

ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக் குழாயடிச் சண்டையில் சாமுவேலின் முன்பல்லை உடைத்தவன் நான். அன்றே ஊரைவிட்டு ஓடி, ஒன்பது வருஷம் கிடைத்த இடத்தில் கூலிவேலை செய்தேன். போன மாதம் திரும்பி வந்து, ஞாயிறு ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து பீடத்தருகே போக, சாமுவேல் மட்டும் என்னை நோக்கி வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று எழுந்தேன்.

“இன்னாடா, மறுபடியும் ஓடப் போறியா? மனசுல பகையோட திருவிருந்துப் பாத்திரத்தைத் தொடக்கூடாதுன்னு ஒன்பது வருஷமா நான் போகல. வா, சேர்ந்து போலாம்.”

“அடிச்சவன் நான்தானே? நீ ஏன் போகல?”

“உன்னைக் கொல்லணும்னு தினமும் நெனச்சவன் நான்தானேடா.”

சிரித்தான். பல் இல்லாத இடம் தெரிந்தது. “மன்னிச்சிடு” என்றேன்.

அருகருகே முழங்காலிட்டோம். அவன் வாய் வைத்த பாத்திரத்திலேயே நானும் திராட்சரசம் குடித்தேன்.

நான் ஊர் ஊராய் ஓடிய அத்தனை வருஷமும் திருவிருந்து நேரத்தில் அவன் தன் பெஞ்சைவிட்டு எழுந்ததில்லை. நினைத்தால் இன்றும் கூச்சமாயிருக்கிறது.