மௌனப்படத்துக்கு டப்பிங்

கோடம்பாக்கத்தில் டப்பிங் பேசிப் பிழைத்த என்னை, பேச்சே இல்லாத ஒரு படத்துக்குக் கூப்பிட்டார்கள். அடையாறில் ஒரு சிறிய அரங்கம். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பார்வையற்றவர்கள். திரையில் நடப்பதை நான் மைக்கில் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

மேடை நாடகத்தைப் படமாக்கிய பழைய வெளிநாட்டுப் படம் அது. கதை முழுக்க ஒரே சாப்பாட்டு அறையில். அக்காவுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையைத் தங்கை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். விருந்து மேஜையில் விஷயம் உடைகிறது.

உற்சாகமாகத்தான் ஆரம்பித்தேன். “அக்கா மிகவும் சோகமாக இருக்கிறாள். தங்கை குற்ற உணர்வில் தவிக்கிறாள்.”

முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். மேற்கு மாம்பலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் செல்வராஜ். படத்தை நிறுத்தினார்கள்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சோகமா கீறான்னு நீங்களே சொல்ட்டா எங்களுக்கு இன்னா வேலை? அவ இன்னா பண்றா, அத்த சொல்லுங்க. சோகமா இல்லியான்னு நாங்க பாத்துக்குறோம்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. குரலில் உணர்ச்சியைக் கொட்டியே பெயர் வாங்கியவள் நான். அதை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

படம் மறுபடி ஓடியது. விஷயம் உடையும் காட்சி வந்தது.

“அக்கா ஸ்பூனைக் கீழே வைக்கிறாள். எழுந்து தங்கையின் பக்கம் போகிறாள். சூப் பாத்திரத்தை எடுத்துத் தங்கையின் கிண்ணத்தில் ஊற்றுகிறாள். கிண்ணம் நிறைந்துவிட்டது. இன்னும் ஊற்றுகிறாள்.”

மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த பத்மா மாமி கேட்டார். “ஏம்மா, கை நடுங்கறதா?”

“இல்லை மாமி. நடுங்கலை.”

“பாத்தேளா, அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.”

“அதெல்லாம் இல்ல மாமி,” என்றார் செல்வராஜ். “கோவத்துலதான் ஊத்திகினு கீறா.”

அவ்வளவுதான். ஆளுக்கொரு கட்சி சேர்ந்துவிட்டார்கள். படம் முடிந்து வாசலுக்கு வந்த பிறகும் சண்டை ஓயவில்லை. ஆட்டோ ஏறப்போன செல்வராஜ் என்னிடம் திரும்பினார்.

“நீங்கதான் கண்ணால பாத்தீங்களே. சொல்லுங்க மேடம், அவளுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“பார்த்தேன் சார். ஆனா எனக்குத் தெரியலையே.”

“அப்ப இன்னொரு தபா ஓட்டுங்க. நல்லா கேட்டுட்டு நான் சொல்றேன்.”

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரரும் சேர்ந்துகொண்டார்.

இப்போது இந்த வேலைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நடந்ததைச் சொல்லிவிட்டு வழியை விட்டு நகர்ந்துகொள்ளுங்கள். கேட்கிறவர்கள் அழுவதா, சண்டை போடுவதா என்பது அவர்கள் பாடு.