சிவப்புக் கோடும் ஆமை வேனும்

பனிக்குள்ள வேன் ஓட்டுற தொழில்ல ரோடு தெரியுறது கொஞ்சம், திட்டு கேக்குறது நிறைய. அட்டன், லிந்துலைன்னு நம்ம மலைநாட்டுப் பக்கம் ஸ்டியரிங் பிடிக்கிற சகோதரங்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரியணுமா?

நான் அட்டன்லருந்து லிந்துலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்ணுக்கு தினமும் காலையில அஞ்சு டீச்சர்மாரை ஏத்திட்டுப் போறவன். சரியா ஏழரைக்கு அங்க கையெழுத்துப் புத்தகத்துல சிவப்புக் கோடு போட்டுருவாங்க. கோட்டுக்குக் கீழ கையெழுத்து வச்சா லேட்டு. கோடு கூடினா லீவுல கழிப்பாங்க. என் வேனுக்கோ ஊருக்குள்ள பேரே ஆமை வேன். அப்புறம் எப்படி இருக்கும் நம்ம பாடு!

தொறந்த கண்ணாடி

பனி எறங்கிட்டா நான் ரேடியோவை நிப்பாட்டிருவேன், முன்னால ரெண்டு பக்கக் கண்ணாடியையும் எறக்கிருவேன். கண்ணுக்கு வேலை இல்லாத எடத்துல காதை வச்சுத்தானே ஓட்டணும்? யாழ்ப்பாணத்துலருந்து புதுசா மாறி வந்த கௌரி டீச்சருக்கு இது ஆகவே ஆகாது. ரெண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, தலையில குல்லா, அதுக்கு மேலயும் வெடவெடன்னு நடுங்குவாங்க.

"எதிர வர்ற வண்டிச் சத்தம் கேக்கணும்ல டீச்சர்"னு பவ்யமாத்தான் சொன்னேன். மூக்கைத் துடைச்சுக்கிட்டே கேட்டாங்க: "வேனுக்குள்ளையும் பனியை ஏத்திக்கொண்டு போறதுக்கோ அண்ணை நாங்கள் வேன் பிடிச்சனாங்கள்?"

பெரிய லைட்

முன் சீட்டுல உக்காந்து வர்றவர் கணக்கு வாத்தியார், நாங்க கூப்பிடுறது கணக்கு சேர். நம்ம மலைநாட்டுக்காரர்தான், ஊரு கொட்டகலை. ஓட்டத் தெரியாது, ஆனா ஓட்டச் சொல்லிக் குடுப்பார். "பெரிய லைட்டைப் போடுங்கண்ணே, இந்தச் சின்ன லைட்டுல என்னா தெரியும்?" இது தினப் பாடம். பனிக்குள்ள பெரிய லைட்டைப் போட்டா வெளிச்சம் திரும்பி நம்ம கண்ணுலயே அடிக்கும்னு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். மனுசன் கேட்டாத்தானே!

ஒரு நாள் பொறுமை போயிருச்சு. வேனை ஓரங்கட்டி நிப்பாட்டி, பெரிய லைட்டைப் போட்டு, "இப்ப ரோடு எங்கன்னு காட்டுங்க சேர்"னேன். அவர் ரெண்டு கையாலயும் டேஷ்போர்டைப் புடிச்சுக்கிட்டார். "அணைங்கண்ணே, அணைங்க! நிக்கிற வண்டியிலயே பயமா இருக்கு!"

ரெண்டு ஹோர்ன்

ஒடுக்கமான வளைவு வந்தா நம்மாளுங்க ஹோர்ன் அடிப்போம். அந்தப் பக்கத்துலருந்து பதில் ஹோர்ன் வந்தா நின்னு வழி விடுவோம். அன்னைக்கு நான் அடிச்சேன், பதில் வந்துச்சு, நின்னேன். ஒண்ணும் வரல. திரும்ப அடிச்சேன், திரும்பப் பதில். இப்படியே பத்து நிமிசம். பின்னால டீச்சர்மாரெல்லாம் கைக்கடிகாரத்தையும் என் முதுகையும் மாறி மாறிப் பாக்குறாங்க.

சரி, போய்ப் பாப்போம்னு எறங்கி நடந்தா, பனிக்குள்ளருந்து ஒருத்தர் எதிர நடந்து வர்றார். தேயிலைக் கொழுந்து ஏத்துற லொறி டிரைவர். என்னைக் கண்டதும் தலையில கை வச்சார்: "அட, நீங்க வருவீங்கன்னு நான் வண்டியோட காத்துக்கிட்டு இருக்கேன், நீங்க என்னா கால்நடையா வர்றீங்க!"

கோட்டுக்குக் கீழ

அந்த வாரம் அதோட மூணாவது சிவப்புக் கோடு. சாயங்காலம் எறங்குறப்ப கணக்கு சேர் தொண்டையைச் செருமினார். "கோவிச்சுக்காதீங்கண்ணே. நாளைக்கும் லேட்டுன்னா நாங்க அடுத்த மாசம் வேற வேன் பாத்துக்கிறோம்." இந்த அஞ்சு சீட்டுதான் என் வீட்டு அடுப்பு.

மறுநாள்னு பாத்து, கண்ணுக்கு முன்னால கையை நீட்டினா கை தெரியாத பனி. கொட்டகலை தாண்டினதுலருந்து பின்னால ஒரு கார் வேற ஒட்டிக்கிட்டே வருது, முந்தவும் மாட்டேங்குது. "ஏழு இருவதாச்சு, ஏழு இருவதாச்சு"ன்னு உள்ள ஒரே சத்தம். உண்மையைச் சொல்லிர்றேன், அன்னைக்கு நானும் மிதிச்சேன். வேன் வாங்கின நாள்லருந்து பனிக்குள்ள அப்படி மிதிச்சதில்ல.

அப்பத்தான் தொறந்த கண்ணாடி வழியா ஒரு பொம்பளைக் குரல் கேட்டுச்சு: "நம்ம ஆமை வேன்தான்டி, மெதுவாத்தான் வரும், தாண்டுங்க!"

பிரேக்குல ஏறி நின்னேன். வேனும் பின்னால வந்த காரும் கிறீச்சுன்னு இழுத்துக்கிட்டுப் போய் நின்னப்ப, பம்பருக்கு ஒரு முழம் முன்னால, தலையில சாக்கோட மலைக்குக் கொழுந்து பறிக்கப் போற ஆறேழு பொம்பளைங்க. சத்தத்தை வச்சே என் வேன்னு கண்டுபுடிச்சு, என்னை நம்பி ரோட்டுல எறங்கினவங்க. "என்னாண்ணே, இன்னைக்கு உங்களுக்கு என்னா வந்துச்சு?"ன்னு ஒரு அக்கா சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டுப் போனாங்க. மூணு தடவை போட்டும் எனக்குக் கியர் விழல. அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. கௌரி டீச்சர் மெதுவா கையை நீட்டி, தன் பக்கத்துக் கண்ணாடியையும் முழுசாத் தொறந்து விட்டாங்க.

அதுக்கப்புறம் ஆமையாத்தான் போனோம். போய்ச் சேர்றப்ப ஏழு நாப்பது. பின்னால வந்த காரும் கேட்டுக்குள்ள நுழைஞ்சுச்சு. எறங்கினது யாருங்குறீங்க? பிரின்சிபல்! உள்ள வைஸ் பிரின்சிபல் சரியா ஏழரைக்கே கோட்டைப் போட்டு வச்சிருக்கார். அஞ்சு டீச்சர்மாரும் கோட்டுக்குக் கீழ கையெழுத்து வச்சாங்க, ஆறாவதா பிரின்சிபலும் வச்சார். வச்சுட்டு நேரா என் வேன்கிட்ட வந்தார். போச்சுடா, தொலைஞ்சோம்னு நெனச்சேன். அவர் ஜன்னல்ல கையை ஊனிக்கிட்டுச் சொன்னார்: "கொட்டகலையிலருந்து உங்க பின் லைட்டைப் பாத்துத்தான் நான் வந்து சேர்ந்தேன், நாளையிலருந்து பதினஞ்சு நிமிசம் முந்தி எடுங்க, எனக்கும் ஒரு சீட் வையுங்க."

இத்தனை வருசமா பனியோட மல்லுக்கட்டின எனக்கு, அலாரத்தைக் கொஞ்சம் முந்தி வைக்கணும்ங்குற யோசனையைச் சொல்ல ஒரு பிரின்சிபலே லேட்டா வர வேண்டியிருந்துச்சு பாருங்க!