நெற்றியில் வெட்டாத ஓட்டை

பிள்ளைகளே, வண்டியின் இன்ஜின் ஓட ஓடச் சூடாகும். அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய், முன்னால் இருக்கிற ரேடியேட்டரில் ஆற்றிக்கொண்டு திரும்பும். என் ஜீப்பின் ரேடியேட்டர் கிழடாகிவிட்டது. ஒழுகின இடத்தில் எல்லாம் ஈயம் வைத்து அடைத்ததில், தண்ணீர் ஓடுகிற குழாய்களும் பாதிக்கு மேல் அடைபட்டுப்போயின. அவ்வளவு பழைய வண்டிக்குப் புது ரேடியேட்டர் எங்கேயும் இல்லை. திருச்சி வரைக்கும் போய்க் கேட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கிருந்து தைலமரக் காட்டுக்குப் பட்டை உரிக்கப் போகிற பெண்களைக் காலையில் ஏற்றிப் போவேன், சாயங்காலம் கொண்டுவந்து விடுவேன். வழியில் ஒரு காட்டாறு குறுக்கே கிடக்கும். தண்ணீர் கிடையாது, மணல்தான். அதில் முதல் கியரில் உறுமிக்கொண்டே போக வேண்டும். அந்த மணலில்தான் ஜீப் கொதிக்கும். பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு, ஆறுகிற வரைக்கும் எல்லோரும் கரையில் உட்கார்ந்திருப்போம்.

"டிரைவரே, அடுப்பு நல்லா எரியுது. ஒலை வச்சுரவா?" என்பாள் ஒருத்தி. கூட்டத்தில் மூத்தவள் அவள். வாய் சும்மா இருக்காது.

"அரிசி கொண்டாந்தியா ஆத்தா?"

"நீங்க கொண்டுபோயி விட்டாத்தான அரிசிக்கு வழி."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனாலும் உரித்த மரத்துக்குத்தான் கூலி. ஜீப் நின்றால் அவர்களுக்கு மரம் குறையும். அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆடி மாதம் ஒரு நாள் காண்ட்ராக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"அண்ணே, ஒங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. இனி ஒருக்கா வண்டி நடுவழியில நின்னுச்சுன்னா நான் வேற வண்டி பாத்துக்கிறேன். வருத்தப்படக் கூடாது."

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். ஜீப் ஓட்டுவதைத் தவிர உருப்படியாக ஒன்றும் தெரியாது. காட்டு ஓட்டம் போய்விட்டால் அந்த ஜீப்புக்கு வேறு ஓட்டம் கிடையாது. பழைய இரும்புக் கடைதான்.

அந்த வாரம் போனில் ஒரு வீடியோ வந்தது. பாலைவனத்தில் ஓட்டுகிற ஜீப்புகள். அவற்றின் பானட்டில் வரிவரியாக ஓட்டை வெட்டியிருந்தார்கள். உள்ளே அடைந்து கிடக்கிற வெந்த காற்று அது வழியே வெளியேறிவிடுமாம். எனக்கு மனசு குதித்தது. மறுநாள் காலையிலேயே சாக்பீஸ் எடுத்து, வீடியோவில் பார்த்தபடி பானட்டின் நடுவில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் கோடு போட்டேன்.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த என் மனைவி விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"என்ன இது?"

"காத்து போறதுக்கு ஓட்டை."

"நெத்தியிலயா? பொட்டு வைக்கிற எடத்துலயா ஓட்டை போடப் போறீங்க? ஆயுத பூசைக்குச் சந்தனத்த எங்கிட்டு வைக்கிறது, டயர்லயா?"

வண்டிக்கு நெற்றி என்றால் எங்களுக்கு அந்த இடம்தான். அமாவாசைக்கு அமாவாசை அங்கேதான் அவள் பொட்டு வைப்பாள். மாலை போட்டாலும் அதன் மேல்தான் விழும். அவள் கேட்டதும் எனக்கும் கை ஓடவில்லை. கோட்டைத் துணியால் அழித்துவிட்டு, பின்தள்ளி, முன்கண்ணாடியை ஒட்டினாற்போலப் போட்டேன். ஓட்டை எங்கே இருந்தால் என்ன, சூடு மேலேதானே போகும் என்று நினைத்தேன்.

புதுக்கோட்டையில் எனக்குப் பழக்கமான டிங்கர் பட்டறை பாய், கோட்டைப்பட்டினத்துக்காரர். சாக்பீஸ் கோட்டைப் பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு பின்னாடி?" என்றார். நெற்றிக் கதையைச் சொன்னேன்.

"அதுவும் சரிதான். மூஞ்சியில ஓட்டை போட்டா யாருக்குத்தான் பிடிக்கும்" என்று அவரும் ஒத்துக்கொண்டார். வண்டிகளை வெட்டி ஒட்டியே காலம் தள்ளியவருக்கும் அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

கட்டிங் வீலை வைத்து அறுத்தார். தீப்பொறி பறந்தது. ஒரு பழைய பீரோக் கதவின் தகட்டை நறுக்கி, வளைத்து, ஒவ்வொரு ஓட்டைக்கும் மேலே சாய்வாகப் பற்றவைத்தார்.

"பாத்தீங்களா, மீனுக்குச் செவுள் மாதிரி. இனி ஒங்க வண்டி நல்லா மூச்சு விடும்."

மறுநாள் காலை பெண்களை ஏற்றிக்கொண்டு போய், டீக்கடையில் இன்ஜினை அணைக்காமல் நிறுத்தினேன். செவுள் வழியாக வெந்த காற்று குபுகுபுவென்று வந்தது. அதற்குப் பின்னால் தெரிந்த பனைமரம் நெளிந்தது. மூத்தவள் ஈரத் துண்டை அதன் மேல் விரித்துப் பிடித்தாள்.

"இனிமே மழைக்காலத்துக்குக் கவலை இல்ல. துணியெல்லாம் டிரைவர் வண்டியிலயே காயப்போட்டுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் காலையில் மட்டும் எனக்கு நம்பிக்கை இருந்தது.

வண்டி ஓடத் தொடங்கியதும் சூடு காட்டுகிற முள் முன்பைவிட வேகமாக ஏறியது. ஏன் என்று விளங்கவில்லை. காட்டுக்குள் நுழைந்தபோது ஆடிக் காற்றில் ஒரு காய்ந்த இலை பானட்டில் விழுந்தது. அது சரிந்து செவுள் பக்கம் வந்தது. வெந்த காற்று அதை மேலே தூக்கி எறியும் என்று பார்த்திருந்தேன். இலை உள்ளே போய்விட்டது. பின்னாலேயே இன்னொன்றும் போனது.

அப்போதுதான் புரிந்தது. ஓடுகிற ஜீப்பில் எதிர்க்காற்று கண்ணாடியில் மோதி, போக வழியில்லாமல் அதன் அடியில்தான் அமுங்கும். நான் ஓட்டை வெட்டின இடமும் அதுவே. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாமல், வெளிக்காற்று மேலே உட்கார்ந்து அமுக்குகிறது. நின்றால் மூச்சு விடுகிறது, ஓடினால் அடைக்கிறது. நெற்றியில் வெட்டியிருந்தால், மேலே ஓடுகிற காற்றே சூட்டை இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் வண்டியின் நெற்றியைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "வெட்டிருங்க. பொட்டு ஓரமா வச்சுக்கிறேன்" என்றாள். பாய்க்குப் போன் போட்டேன். தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார்.

"ஞாயித்துக்கெழமை வந்துர்றேன். அதுவரைக்கும் பாத்து ஓட்டுங்க."

ஓட்டத்தை நிறுத்தினால் காண்ட்ராக்டர் வேறு வண்டி வைத்துவிடுவார். அதனால் ஓட்டினேன். நின்ற இடத்தில் எல்லாம் பானட்டைத் தூக்கி இலைகளைப் பொறுக்கிப் போட்டேன். பெண்களும் கூட நின்று பொறுக்கினார்கள்.

சனிக்கிழமை காட்டிலிருந்து திரும்பும்போது ஆற்று மணலில் இறங்கினோம். பாதி தாண்டியிருப்போம். குப்பென்று தைல வாசம் வந்தது. சளி பிடித்தால் நெஞ்சில் தேய்ப்போமே, அந்த வாசம்.

"எவளுக்குடி சளி? தைலத்த இப்படி அப்பிக்கிட்டு வந்திருக்கா" என்றாள் மூத்தவள்.

யாருக்கும் சளி இல்லை. செவுளுக்குள்ளிருந்து வெள்ளைப் புகை வந்தது. சைலன்சர் தொடங்குகிற, நெருப்பாய்க் கொதிக்கிற இடத்தில், என் கைக்கு எட்டாத இடுக்கில், இலை சேர்ந்து கிடந்திருக்கிறது. தைல இலைக்கு நெருப்பு என்றால் கொண்டாட்டம். "எறங்குங்க, எறங்குங்க" என்று கத்தினேன். அவர்கள் இறங்கி முடிப்பதற்குள் செவுளில் தீ நாக்கு நீட்டிவிட்டது. பானட்டைத் தொட முடியவில்லை.

யாரும் ஓடிப்போகவில்லை. சோறு கொண்டுபோன தூக்குச் சட்டிகளில் ஆற்று மணலை அள்ளி அள்ளிச் செவுளுக்குள் கொட்டினார்கள். பானட் மூடியிருந்தும் மணல் நேராக உள்ளே போனது. தீ அணைந்தது. அந்த ஓட்டைகளால் விளைந்த நன்மை அது ஒன்றுதான். ஒருவருக்கும் ஒரு காயமும் இல்லை. ஜீப்பில் வயர்கள் எல்லாம் உருகிப்போயின. இன்ஜின் முழுக்க மணல்.

காண்ட்ராக்டர் போனில், "ஆளுகளுக்கு ஒண்ணும் இல்லைல?" என்று ரெண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன். சரிண்ணே என்று போனை வைத்துவிட்டார். திங்கட்கிழமை புது வண்டி ஒன்று வந்து பெண்களை ஏற்றிப்போனது.

பாய் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமையே வந்திருந்தார். டிராக்டரில் கட்டி இழுத்துவந்து வீட்டு ஓரத்தில் நிறுத்தியிருந்த ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். பானட்டின் நடுவில் கை வைத்து, "இங்க போட்டிருக்கணும்ங்க" என்றார். வேறு என்ன சொல்வார். என் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆயுத பூசை வந்தது. அவள் ஜீப்பைக் கழுவினாள். செவுளிலிருந்து மணல் சேறாக வழிந்துகொண்டே இருந்தது. நெற்றியில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தாள். கீறல் இல்லாத இடம் அது ஒன்றுதான். தீபாவளிக்கு முன்னால் இரும்புக் கடைக்காரர் வந்து ஏற்றிப்போனபோதும் அந்தப் பொட்டு அழியவில்லை.

இதிலிருந்து நீங்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது நானும் பட்டை உரிக்கத்தான் போகிறேன். அதே காடு, அதே பெண்கள், புது வண்டி. ஆற்று மணலில் அது நிற்பதே இல்லை. முதல் நாள் நான் ஏறியபோது மூத்தவளைப் பார்த்தேன். வண்டி எரிந்ததைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிப்பாள், நானும் பதில் சொல்லலாம் என்று ஒரு வார்த்தையும் யோசித்து வைத்திருந்தேன். அவள் தன் தூக்குச் சட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இங்கிட்டு ஒக்காருங்கண்ணே" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் என்னை டிரைவரே என்று கூப்பிடவில்லை.