அறந்தாங்கியில் எட்டு ஜப்பான் அலைகள்

வாட்டர்கலர் சொல்லிக்கொடுப்பது என்பது, கையில் தண்ணீரையும் கொடுத்துவிட்டு "தண்ணியைக் குறைங்க" என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிற தொழில். பெரியவர்களுக்குப் பாடம் எடுத்து மாட்டிக்கொண்ட சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அறந்தாங்கியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் என் ஞாயிறு வகுப்பு. எட்டுப் பேர், எல்லாரும் புதுசு. ஜப்பான்காரர்கள் மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த பழைய படம் ஒன்று: பெரிய அலை, அதை எதிர்த்துப் போகும் ஒரு படகு. அதை வாட்டர்கலரில் அப்படியே வரைய வேண்டும். மண்டப ஓனர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "மாசக் கடைசியில எட்டுப் படமும் ஒண்ணு போல சுவத்துல தொங்கணும். இல்லைன்னா எடத்தைத் தையல் கிளாஸுக்கு விட்டுருவேன்."

நுரை

நுரைக்கு வண்ணமே கிடையாது. காகிதத்தின் வெள்ளையைத் தொடாமல் விட்டால் அதுதான் நுரை. அரை மணி நேரம் விளக்கிவிட்டுத் திரும்பினால், வல்லத்திராக்கோட்டை விவசாயி கருப்பையா அண்ணன் நுரை முழுக்க நீலத்தை அப்பி முடித்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏண்ணே இப்படி என்றேன்.

"எடத்தைத் தரிசாப் போட மனசு வர மாட்டேங்குதும்மா."

வானம்

வானம் மேலே கருநீலமாகத் தொடங்கி, கீழே வர வர வெளிற வேண்டும். காகிதத்தை நனைத்து, ஈரம் காய்வதற்குள் இழுத்துவிட வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அது லேசில்லை. ரவி துபாயில் பன்னிரண்டு வருஷம் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்தவர். கை நடுங்கவே நடுங்காது. ஆனால் நாலு தாளிலும் வானம் மேலிருந்து கீழ்வரை ஒரே நீலம். வெளிற விடுங்க ரவி என்று கெஞ்சினேன்.

"இப்படி வெளுத்த சுவரை விட்டுட்டு வந்திருந்தா, சூப்பர்வைசர் அன்னைக்கே என்னைய ஊருக்கு பிளேன் ஏத்தியிருப்பாரு டீச்சர்."

படகு

அமுதா ஜெகதாப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். கணக்காக வரைகிற கை. கடைசி வகுப்பில் பார்க்கிறேன், எல்லார் படகும் அலையைப் பார்த்துப் போக, அவள் படகு மட்டும் அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரைக்குத் திரும்புகிறது. போச்சு, மண்டபம் போச்சு என்றுதான் முதலில் தோன்றியது. படகை மாற்றி வரையச் சொன்னேன். அவள் பிரஷைக் கீழே வைத்துவிட்டாள்.

"அலையை வேணா பெருசாக்குறேன். படகு இங்கிட்டுத்தான் வரும். நேத்து கடலுக்குப் போன எங்க வீட்டுக்காரவுக இன்னும் கரைக்கு வரலை டீச்சர்."

நான் பிரஷை எடுத்து அவள் கையிலேயே திரும்பக் கொடுத்தேன்.

சுவர்

அமுதா வீட்டுக்காரர் படகில் இன்ஜின் கோளாறாம். மறுநாளே அவர் வந்து சேர்ந்துவிட்டார். அடுத்த ஞாயிறு படங்களை மாட்டியபோது அமுதா அவரையும் கூட்டி வந்திருந்தாள். கருப்பையா அண்ணன் நுரையையும் ரவி வானத்தையும் ஒருவழியாகத் திருத்தியிருந்தார்கள். ஓனர் ஏழு படத்துக்கும் தலையாட்டிக்கொண்டே வந்து எட்டாவதில் நின்றார். "இது மட்டும் ஏம்மா மாறிக் கெடக்கு?"

எனக்கு முன்னால் அமுதாவின் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "யாரு வரைஞ்சது? இம்புட்டு அலைக்கு முதுகைக் காட்டுனா தண்ணி ஏறி முங்கிரும். நேராத்தான் ஏத்தணும். மத்த ஏழும் சரி." ஓனர் என்னைப் பார்த்தார். அமுதா அசரவில்லை.

"வந்து சேந்துட்டீகள்ல, பேசாம இருங்க."

ஓனர் சிரித்தபடி அடுத்த மாசத்துக்கும் மாடிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்; ஆக, ஜப்பான்காரர்தான் சரி என்று கடலோடியே சாட்சி சொன்ன பிறகும், அந்தப் படகைத் திருப்பச் சொல்லும் தைரியம் மட்டும் இந்த டீச்சருக்கு இன்னும் வரவில்லை.