குங்குமம் மட்டும் வைத்த கணினிகள்

குணசுந்தரி பாடாங் மேஹா தோட்டத்தில் பிறந்தவர். வயது 34. பீடோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில், சிடாம் கிரி பக்கம் உள்ள எங்கள் தனியார் பல்கலைக்கழகத்துக்கு வந்து கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறார். ஆறு வருடம் ஒப்பந்த ஊழியர். ஒவ்வொரு டிசம்பரிலும் வேலை நீடிக்குமா என்ற கவலை இருக்கும், ஆனாலும் சிரிப்புக்குக் குறைவிருக்காது.

2025 செப்டம்பரில் நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. வளாகம் முழுவதும் ஒரே மென்பொருள், ஒரே பதிப்பு. ஒரு கட்டடத்தில் தட்டெழுதிய தேர்வுத்தாளை இன்னொரு கட்டடத்தில் திறந்தால் அட்டவணைகள் சிதறிப்போயின. பொருள் பதிவேட்டை எழுதுபவன் நான்; அதன்படி கணினிகள் 486. அக்டோபர் 3, வெள்ளி மாலை ஐந்துக்குள் முடித்தால் குணசுந்தரிக்கு நிரந்தர வேலை என்றார் மேலாளர்.

முடித்தவற்றில் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர் சூட்டில் உரிந்து விழுந்தது. குணசுந்தரி கைப்பையிலிருந்த குங்குமத்தால் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். ஆள் உட்காராத கணினியாகப் பார்த்துச் செய்ததால், ஒரே அறையில் முடிந்ததும் முடியாததும் கலந்திருந்தன. எது எதுவென்று எழுதி வைக்கவில்லை. அது தவறுதான். எண்ணிக்கையை மட்டும் தினமும் என்னிடம் சொல்வார். செவ்வாய் மாலை வரை 308.

புதன்கிழமை ஆயுத பூசை. அவர் விடுப்பு. வியாழன் காலை 8.05-க்கு வந்து பார்த்தால், நூலகத்தில் எல்லாக் கணினியிலும் பொட்டு. பக்கத்துக் கூடத்திலும் அப்படியே. அலுவலக உதவியாளர் காளிதாசன் பெருமையோடு நின்றார்.

"நேத்து எல்லாத்துக்கும் பூசை போட்டாச்சும்மா. ஒன்னுகூட விடல."

குணசுந்தரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றைத் திறந்து சரிபார்க்க ஐந்து நிமிடம். 486-க்கு நாற்பதரை மணி நேரம்.

"என் வேலைக்கே பொட்டு வச்சிட்டீங்கண்ணே. எது முடிச்சது, எது முடிக்காததுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நீ வச்சதுல நான் எங்கம்மா வச்சேன்? ஆபிஸ்ல குங்குமத்தோட சந்தனம் ஒரு டப்பாதான் குடுத்தாங்க, பத்தல லா. ஏற்கெனவே பொட்டு இருந்தத அப்படியே விட்டுட்டேன்."

குணசுந்தரி எழுந்து உற்றுப் பார்த்தார். சிலவற்றில் சந்தனத்தின் மேல் குங்குமம். சிலவற்றில் வெறும் குங்குமம். வெறும் குங்குமம் அவர் வைத்தது.

"அண்ணே, உங்க கஞ்சத்தனம் நல்லா இருக்கணும்."

சந்தனம் வைத்தவை 178 இருக்க வேண்டும். வளாகத்தைச் சுற்றி எண்ணினோம். 177 தான் வந்தது. இரண்டாம் முறையும் 177. பதிவேட்டைப் புரட்டியதில் விடுபட்டது தெரிந்தது: காளிதாசனின் மேசையிலேயே இருந்த அலுவலகக் கணினி. பூசைப் பாட்டு அதில்தான் ஓடிக்கொண்டிருந்ததாம். அதற்கு வைக்க மறந்துவிட்டார்.

"ஒன்னுகூட விடலன்னீங்க?"

"பாடிக்கிட்டு இருந்தத எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதாம்மா."

வெள்ளி மாலை 4.35-க்கு அந்தக் கடைசிக் கணினியும் முடிந்தது. குணசுந்தரி டப்பாவில் ஒட்டியிருந்த சந்தனத்தை வழித்து வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார். காளிதாசன் குனிந்து பார்த்தார்.

"ரெண்டும் இருக்கே. அப்ப இது முடிஞ்சதா, முடியலையா?"

"உங்களுதுண்ணே. அதுக்குத் தனிக் கணக்கு."

நான் பதிவேட்டில் 486 என்று எழுதி, நேரமும் குறித்தேன். அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, நிரந்தர வேலைக்கான கடிதம் அவர் கைக்கு வந்தது.