ஆசீர்வாதம் ஏரியில் நின்ற கதை

ஆசீர்வாதத்துக்குப் பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் இருக்கிறாளாம். அவன் பிளாஸ்டிக் படகு ஓட்டக் கற்றுக்கொண்டதே அவளைப் பார்க்கப் போகத்தானாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி ஆட்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆந்திரா பக்கமாகத் துடுப்பு போட்டுப் போய்விட்டானாம். திரும்பும்போது அவளே படகில் கயிறு கட்டி இழுத்து வந்து கரையில் விட்டுவிட்டுப் போனாளாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இந்தக் கதை ஓடாத டீக்கடை இல்லை. நான் மூன்று கடையில் கேட்டேன். கடைக்கு ஒன்றாக அவளுக்குப் பிள்ளை கூடிக்கொண்டே போனது. அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன் என்பதால் உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். இந்த ஒரு தடவை எதையும் கூட்டப்போவதில்லை.

ஆசீர்வாதத்துக்கு நாற்பத்தைந்து வயது. ஊத்துக்கோட்டை பக்கத்துக் காலனிக்காரன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவன் இருபத்தாறு வயதில் எங்கள் இரும்புக் கம்பெனிக்குக் காண்டிராக்டில் வந்தான். பத்தொன்பது வருஷமாக ஒரே வேலை. கிரேனுக்கு அடியில் நின்று இரும்புக் கட்டுகளுக்குச் சங்கிலி மாட்டுவது, மேலே கேபினில் இருக்கிற ஆபரேட்டருக்குக் கையால் சைகை காட்டுவது.

உள்ளே இருக்கிற சத்தத்தில் பக்கத்து ஆள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே வாய்க்கு வேலை இல்லை, எல்லாம் கைதான். விரித்த கை மேலே போனால் எல்லாம் நிற்க வேண்டும். கிரேன், சங்கிலி, ஆள், எல்லாமே. அந்தக் கை இறங்கும்வரை யாரும் அசையக் கூடாது. இரண்டு கையும் போனால் ஆபத்து என்று அர்த்தம், மூச்சையே பார்த்துத்தான் விட வேண்டும். ஒரு தடவை, தூக்கிய கை இறங்குவதற்குள் ஒருவன் ஒரு அடி முன்னால் வைத்தான். அந்தக் காலில் அவனுக்கு இப்போது விரல் இல்லை. ஆசீர்வாதம் அப்போது இரண்டடி தள்ளி நின்றிருந்தான்.

அவன் தூக்கத்தைச் சொல்லாமல் அவனைச் சொல்ல முடியாது. ஒரு வாரம் ஏ ஷிப்ட், ஒரு வாரம் பி, ஒரு வாரம் சி. சி என்றால் விடிய விடிய வேலை. காலையில் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தலைக்கு மேல் தகர ஷீட். பத்து மணிக்கு அது தோசைக்கல் மாதிரி காயும். ஈரச் சாக்கு போட்டுப் பார்த்தான், அரை மணியில் அதுவும் அப்பளமாகிவிடும். பக்கத்து வீட்டு மிக்ஸி, காஸ் சிலிண்டர்காரன் தட்டுகிற தட்டு, மீன் வண்டி ஸ்பீக்கர். இவையெல்லாம் ஓய்ந்தால் யாராவது கதவைத் தட்டி, "ஆசீர்வாதம் அண்ணன் தூங்குதா?" என்று கேட்பார்கள். ஷிப்ட் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவான். ஸ்டாப் வந்தால் கண் திறக்காமல் இறங்குவான்.

போன பெருமழையில் கம்பெனிக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, ஆட்கள் எடைமேடை ரூம் மொட்டைமாடியில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தார்கள். அதற்குப் பிறகுதான் மேலே இருப்பவர்களுக்குப் புத்தி வந்தது. எட்டுப் பேரைப் பிடித்து, நான்கு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில் கயாக் என்கிற சின்னப் படகு ஓட்டச் சொல்லிக்கொடுப்பதாக முடிவானது. சேஃப்டி ஆபீசர் அன்புசெல்வன் எங்களைக் கூப்பிட்டு, நன்றாகத் தேறுகிற ஒருவனை சேஃப்டி டிபார்ட்மெண்டுக்கு எடுத்துக்கொள்வோம் என்றார். அங்கே எப்போதுமே ஜெனரல் ஷிப்ட்தான்.

ஆசீர்வாதம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சார், ஜெனரல்னா காலைல எட்டரைலேந்து சாயங்காலம் அஞ்சுதான? ராவுல ஊட்லதான?"

"ஆமாய்யா. ஏன்?"

"ஒண்ணுமில்ல சார். பேர எய்திக்கோ."

அவன் மனைவி சின்னப்பொண்ணு என்னிடமே சொல்லிச் சிரித்தாள். "மழைத்தண்ணி தெருவுல நின்னாலே செருப்ப கையில எடுத்துக்கினு ஓரமா போற ஆளுண்ணா இது. இது படகு ஓட்டப் போவுதாம்!"

"தூங்கணும்டி" என்றான் அவன். அதற்கு மேல் அவள் சிரிக்கவில்லை.

சொல்லிக்கொடுக்க வந்தது பூமிகா என்கிற திருநின்றவூர்ப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். எங்களை அண்ணா அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் படகில் முதுகு வளைந்தால் போதும், சத்தம் போடுவாள். முதல் வகுப்பு கரையில்.

"தண்ணில கத்தினா கேக்காது. அதனால கைதான். நான் ஒரு கைய நேரா மேல தூக்கினா, நேரா என்கிட்ட வாங்கன்னு அர்த்தம். வரலன்னா ரெண்டு கையும் தூக்குவேன். சீக்கிரம் வாங்கன்னு அர்த்தம்."

"அப்ப நில்லுன்றதுக்கு இன்னா மேடம்?" என்றான் ஆசீர்வாதம்.

"துடுப்ப தலைக்கு மேல குறுக்கால பிடிப்பேன்."

"கை இருக்க சொல்லோ துடுப்பு எதுக்கு மேடம்?"

எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்காமல் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான்: கை தூக்கினா வா.

ஓட்டுவதில் அவன்தான் எங்களில் முதல். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஆடுகிற இரும்புக்குக் கீழே பத்தொன்பது வருஷம் நின்றவன், எதையும் வெடுக்கென்று இழுக்க மாட்டான். படகு அவனுக்குக் கோடு போட்ட மாதிரி போனது. வேண்டுமென்றே கவிழ்ந்து வெளியே வருகிற பாடத்தில்கூட, பயத்தில் உதடு வெளுத்தாலும், சிலுவை போட்டுக்கொண்டு கவிழ்ந்தான். மூன்றாவது ஞாயிறு முடிந்தபோது ஜெனரல் ஷிப்ட் அவனுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நான்காவது ஞாயிறு டெஸ்ட். அவனுக்கு அது சி ஷிப்ட் வாரம். காலை ஆறு மணிக்கு வேலை முடித்து, நாஷ்டாகூடச் சாப்பிடாமல் வேனில் ஏறினான். ஏறினதும் அழிந்துபோன அதே வரியை உள்ளங்கையில் மறுபடியும் எழுதிக்கொண்டான். கண் இரண்டும் பழுத்த மிளகாய்.

தண்ணீரில் நட்டிருந்த ஒரு மூங்கிலைச் சுற்றிவிட்டு, பூமிகா கை காட்டியதும் நேராக அவளிடம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் டெஸ்ட். ஆசீர்வாதம் மூங்கிலை அழகாகச் சுற்றினான். கரையில் ஏற்றி வைத்திருந்த பெரிய படகின் மேல் நின்று பூமிகா வலது கையைத் தூக்கினாள், விரல் ஐந்தும் விரித்து.

அவன் நின்றுவிட்டான். துடுப்பை மடியில் குறுக்கே வைத்தான். கை இரண்டையும் துடுப்பின் மேல் வைத்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தான்.

"வாங்கண்ணா!" என்று அவள் கத்தினாள். காற்று அதைப் பக்கவாட்டில் அடித்துப் போனது. பதறிப்போய் இன்னொரு கையையும் தூக்கினாள். அவ்வளவுதான், ஆசீர்வாதம் சிலையானான்.

"யோவ், அது வான்ற கைய்யா!" என்று நானும் என் படகிலிருந்து எழுந்து கத்தினேன். அந்தப் படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். அடுத்து நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. மார்பளவுத் தண்ணீர்தான், ஆனால் நான் போட்ட சத்தம் கடலில் போகிறவன் போடுகிற சத்தம். பூமிகா இறங்கி என்னை நோக்கி ஓடி வந்தாள். மோட்டார் படகுக்காரன் அந்த நேரம் பார்த்து டீக்குப் போயிருந்தான். நான் மூக்கில் ஏறிய உப்புத் தண்ணீரைச் சிந்தி முடித்தபோது, தெற்குக் காற்றில் ஆசீர்வாதத்தின் சிவப்புப் படகு வடக்கே ஒரு புள்ளியாகியிருந்தது. அவன் தலை தொங்கியிருந்தது என்று பைனாகுலரில் பார்த்த பூமிகா சொன்னாள். அழுதுவிட்டாள்.

மோட்டார் படகுக்காரன் வந்து, கயிறு இழுத்து இழுத்து, மோட்டார் கிளம்பவே இல்லை. அந்தக் காற்றில் எங்களை அனுப்பவும், எங்களை விட்டுவிட்டுத் தான் துடுப்பு போட்டுப் போகவும் பூமிகாவுக்குத் துணிவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆனது. அப்புறம் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெண் நடந்து வருவது தெரிந்தது. கையால் இறால் தடவிப் பிடிக்கிற கெங்கம்மாள். கழுத்தில் ஓலைக்கூடை, இடுப்பில் கயிறு, கயிற்றின் பின்னால் சிவப்புப் படகு. படகில் ஆசீர்வாதம், கன்னத்தில் வழிந்த எச்சிலோடு.

"இந்தாம்மா, உங்க ஆளு" என்றாள். "பொணம்னு நெனச்சி தொட்டேன். கொறட்டை உடுறான். மூணு தபா எழுப்பினேன் நைனா, எந்திரு நைனான்னு. கண்ணு முழிச்சி இன்னா கேக்கறான் தெரியுமா? கைய எறக்கிட்டாங்களான்றான். இன்னா ஆளும்மா இவன்! இவன இஸ்துக்கினு வந்ததுல எனுக்கு இன்னிக்கி எறா போச்சு."

"ஏண்ணா வரல?" என்று பூமிகா கேட்டாள்.

"நீங்கதான மேடம் கை தூக்கினீங்க."

"வரச் சொல்லித்தான் தூக்கினேன்!"

அவன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். எழுத்து அழிந்து நீலக் கறைதான் இருந்தது. "ஆமா" என்றான். "தெரியும் மேடம். கண்ணுக்குத் தெரிஞ்சிது. ஒடம்பு நின்னுடுச்சு."

பூமிகா நல்ல பெண். நடந்ததை மறைக்காமல் எழுதி, இவர்தான் நன்றாக ஓட்டுகிறார், இன்னொரு டெஸ்ட் வைக்கலாம் என்றும் எழுதிக் கொடுத்தாள். அன்புசெல்வன் அதைப் படித்துச் சிரித்து, கிரேன் பக்கத்து மேனேஜரிடம் காட்டினார். மேனேஜர் சிரிக்கவில்லை.

"ரெண்டு கை தூக்கினதுக்கு ஏரி நடுவுல நின்னானா? இந்த மாதிரி ஆளு கிரேனுக்கு அடியில எனக்கு வேற யாரு இருக்கா? இவன குடுக்க முடியாது."

ஜெனரல் ஷிப்ட், எங்கள் எட்டுப் பேரில் டெஸ்டில் மூங்கிலிலேயே மோதிய ஜெகனுக்குப் போனது. ஆசீர்வாதத்துக்கு சேஃப்டி வாரத்தில் மேடையேற்றி ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினோம். அவன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு வாங்கினான்.

போன வாரம் பி ஷிப்டுக்கு மதியம் பஸ்ஸில் போனோம். அவன் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடி நின்றிருந்தான். டீக்கடையில் ஒரு பெண் இழுத்து வந்தாள் என்று முதலில் சொன்னது நான்தான். பிள்ளைகளை நான் சேர்க்கவில்லை. அது மனதில் உறுத்தியதால், மெதுவாகக் கேட்டேன்.

"ஊர்ல என்னென்னமோ பேசிக்கிறாங்க. ஏரிக்கு அந்தாண்ட உனுக்கு ஒருத்தி கீறாளாமே. சின்னப்பொண்ணு காதுக்குப் போனா பேஜாராயிடும்ல?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"பத்தொம்போது வருசத்துல ஒருத்தனும் எழுப்பாம நான் தூங்கினது அந்த ஒன்ற மணி நேரந்தான். அதுல வந்து எழுப்பினவ அவ. அவள எவன்யா வெச்சிக்குவான்?"